கட்டைவிரல் மட்டும் கறுக்கவில்லை

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில், தென்பெண்ணையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். போன வருஷம் அங்கே பழைய வீட்டுக்கு ஓடு மாற்றினோம். பரணைக் காலி செய்யும்போது, உரச்சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிய மூட்டை ஒன்று கீழே வந்தது. பிரித்தால் இரண்டு உளி, பிடி உதிர்ந்துபோன ஒரு வாய்ச்சி, பல் போன ரம்பம், எல்லாவற்றுக்கும் அடியில் வட்டம் போடுகிற இரும்புக் கவராயம் ஒன்று. எல்லாம் தாத்தாவுடையவை.

தாத்தா வண்டி ஆசாரி. சக்கரம் செய்கிறவருக்குக் கவராயம்தான் கணக்குப் புத்தகம். வட்டம் போட்ட அகலத்தை மாற்றாமல், அந்த வட்டத்தின் மேலேயே கவராயத்தை அடி வைத்து நடக்கவிட்டால், ஆறாவது அடியில் புறப்பட்ட புள்ளிக்கே வந்து நிற்கும். சக்கர விளிம்புக்கு ஆறு துண்டு வட்டை, வட்டைக்கு இரண்டு என்று பன்னிரண்டு ஆரக்கால். அவர் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. சாணிப் பூசின தரையில் அவர் இப்படி வட்டத்தைச் சுற்றி நடக்கவிடுவதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. ஆறாவது அடி சரியாக விழுந்ததும் யாரையும் பார்க்காமல் ஒரு சிரிப்பு சிரிப்பார்.

கவராயம் முழுக்கத் துரு. முக்கால் முழ நீளம், ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்தது, தலையில் ஒரே ஒரு தறை ஆணி. இரண்டு கால்களிலும் தலைக்குக் கொஞ்சம் கீழே லேசான பள்ளம். விரல் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம். துருவுக்கு மேலேயே அது கைக்குத் தட்டுப்பட்டது.

ஓசூர் சிப்காட்டில், அச்சும் கருவியும் செய்கிற ஒரு டூல் ரூமில் 14 வருஷமாக இருக்கிறேன். இரும்பைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை என்ற நினைப்பு. கவராயத்தைச் சுத்தம் செய்து, அழகாகக் கறுக்கி, சுவரில் மாட்டலாம் என்று முடிவு பண்ணினேன். பெயின்ட் அடிக்க மனசில்லை. அடித்தால் தறை ஆணி இறுகிப்போகும், விளிம்பெல்லாம் மொத்தையாகிவிடும், இரண்டு தடவை விரித்து மூடினால் உரிந்து வரும்.

இரும்பைக் கறுக்க வழி பல இருக்கிறது. தொழிற்பேட்டையில் நடப்பது சூடான வழி. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை 140 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கவிட்டு, பொருளை உள்ளே இறக்குவார்கள். இரும்பின் மேல்தோல் மட்டும் மேக்னடைட் என்கிற கறுப்பு ஆக்சைடாக மாறும். நம் பக்கம் இதற்குப் பெயர் பிளாக்கோடைசிங். கடையில் வாங்குகிற ஆலன் போல்ட் பெரும்பாலும் கறுப்பாக இருப்பது இதனால்தான். தடிமன் ஒன்றிரண்டு மைக்ரானுக்கு மேல் போகாது. அளவு மாறாது என்பதால் டூல் ரூம்காரர்களுக்கு இதன்மேல் தனிப் பிரியம். ஆனால் அது வீட்டில் வைத்துக்கொள்கிற சமாச்சாரமே கிடையாது. கொதிக்கும் காஸ்டிக்கில் தண்ணீர் தப்பாக விழுந்தால் வடைச்சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி எகிறும். வடைச்சட்டி எண்ணெய் பட்டால் கொப்புளம். இது பட்டால் கண்ணே போகும்.

வெறும் சூட்டிலும் நிறம் வரும். பளபளவென்று தேய்த்த எஃகைச் சூடாக்கினால் 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம், 280-இல் கத்தரிப்பூ, 300-ஐ நெருங்கும்போது மயில் கழுத்து நீலம். விலை உயர்ந்த கைக்கடிகாரங்களில் ஊதா கலந்த நீலத்தில் குட்டிக் குட்டித் திருகாணிகள் மின்னுமே, அது இந்த நிறம்தான். திருகாணிக்குச் சரி. முக்கால் முழக் கம்பியை கேஸ் அடுப்பில் காட்டினால் இங்கே நீலம், அங்கே சாம்பல், நடுவில் வைக்கோல் என்று பொம்மலாட்டச் சட்டை மாதிரி வரும். அதுமட்டுமில்லாமல், கொல்லர் முனைக்கு ஏற்றிக் கொடுத்திருந்த தண்ணி, அதாவது முனையின் கடினம், இறங்கிவிடும்.

மிச்சம் இருந்தது கோல்டு ப்ளூயிங், அதாவது சூடில்லாமல் கறுக்குவது. சின்ன பாட்டிலில் வரும் நீலத் திரவம். பஞ்சில் தொட்டுத் தடவினால் அரை நிமிஷத்தில் இரும்பு கறுக்கும். அடுப்பு வேண்டாம், தொட்டி வேண்டாம். இணையத்தில் ஆர்டர் போட்டேன்.

வந்த பாட்டிலின் லேபிளில் துப்பாக்கிப் படம். இந்தச் சரக்கு துப்பாக்கிக் குழாயைக் கறுக்கப் பிறந்தது, அதனால் அந்தப் படம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "தேன்கனிக்கோட்டை காட்டுப் பக்கம் யாராச்சும் கூடச் சேர்ந்துட்டியாடா?" என்று கேட்டாள். சிரித்தபடி கேட்கவில்லை. கவராயத்தை எடுத்துக் காட்டின பிறகுதான் அடங்கினாள். அப்புறமும், "உங்க தாத்தா இதையெல்லாம் தடவியா வெச்சிருந்தாரு?" என்று ஒரு குத்தல்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. இரவே கவராயத்தை வினிகரில் ஊறப்போட்டிருந்தேன். காலையில் துரு சேறு மாதிரி வழிந்து வந்தது. 120, 220, 400 என்று எமரித்தாள் போட்டுத் தேய்த்ததில் சாம்பல் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. அரித்த குழிகள் இருந்தன. இருக்கட்டும் என்று விட்டேன். பட்டறையிலிருந்து கொண்டுவந்த பனியன் வேஸ்டில் அசிட்டோனை நனைத்து இரண்டு இழுப்பு. காயவிட்டு, இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் திரவத்தைத் தடவினேன்.

கறுத்தது. ஆனால் எப்படி? ஒரு காலில் மேகம் மேகமாகச் சாம்பல். இன்னொன்றில் பழைய காலணா மாதிரி செம்புச் சிவப்புத் திட்டு. கறுப்பு போதவில்லை என்று அந்த இடத்தில் திரவத்தை ரெண்டு மூணு நிமிஷம் ஊறவிட்டேன், சிவப்புதான் கூடியது. பள்ளம் விழுந்திருந்த இடத்தில், சுற்றிலும் கறுப்பாகி, நடுவில் என் கட்டைவிரல் ரேகை மட்டும் வெள்ளையாக நின்றது. ஒரு வரி விடாமல். ரிஜிஸ்தர் ஆபீஸில் வைக்கிற பெருவிரல் ரேகையைத் தலைகீழாக அச்சடித்த மாதிரி. தாத்தாவின் விரல் இருந்த இடத்திலேயே என் விரலும் போய் உட்கார்ந்திருக்கிறது. வேறு எங்கே பிடிக்க முடியும் அதை?

மறுநாள் காலை திண்ணையில் பார்த்தால் கறுப்புக்கு மேல் மஞ்சள்தூள் தூவின மாதிரி புதுத் துரு.

பாட்டிலைத் திட்டிவிட்டுத்தான் லேபிளை ஒழுங்காகப் படித்தேன். உள்ளே இருப்பது முக்கியமாக மூன்று: செலினியம் சேர்ந்த ஒரு அமிலம், செம்பு உப்பு, கூடக் கொஞ்சம் வேறு அமிலம். செம்பு உப்பு என்றால் நம் ஊர்த் திராட்சைக்காரர்கள் சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாக அடிக்கிற மயில்துத்தத்தின் இனம்தான். மயில்துத்தத் தண்ணீரில் இரும்பு ஆணியைப் போட்டால் செம்பு ஏறிச் சிவப்பாவதை எட்டாம் வகுப்பில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இங்கேயும் அதேதான் நடக்கிறது. இரும்பு கொஞ்சம் கரைந்து இடம் கொடுக்க, செம்பும் செலினியமும் அங்கே வந்து ஒட்டி, செம்பு செலினைடு என்கிற கறுப்புப் படலமாகின்றன. சூடான வழியில் இரும்பின் தோலே கறுப்பாக மாறுகிறது. இதில் வெளியிலிருந்து ஒரு கறுப்பு வந்து உட்காருகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் அது உட்காராது. அளவுக்கு மேல் ஊறினால் செம்பு முந்திக்கொள்ளும். துரு வந்ததற்குக் காரணம் வேறு: கழுவாமல் விட்ட அமிலம் ராத்திரி முழுக்க வேலை பார்த்திருக்கிறது.

ஆக, பனியன் வேஸ்ட். பட்டறைத் துணியில் எண்ணெய் இல்லாமல் இருக்குமா? அசிட்டோன் அந்த எண்ணெயைக் கரைத்து, கவராயம் முழுக்கச் சமமாகப் பூசிக் கொடுத்திருக்கிறது. 14 வருஷ அனுபவம்.

எங்களிடம் ரிட்டயர் ஆன டர்னர் அண்ணா ஒருவருக்கு போன் போட்டேன். முழுக்கதையும் கேட்கவில்லை அவர். "தண்ணி ஊத்திப் பாத்தியா?" என்றார். "எதுக்குண்ணா?" "சேப்பங்கிழங்கு இலைமேல நிக்கிற மாதிரி முத்து முத்தா நின்னா எண்ணெய் இருக்குதுன்னு அர்த்தம். துணி மாதிரி படிஞ்சு இறங்கணும். அது வரைக்கும் பாட்டிலைத் தொறக்காத."

தண்ணீர் ஊற்றினேன். முத்து முத்தாக நின்றது.

பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டேன். முத்து குறைந்தது, போகவில்லை. திரும்ப அசிட்டோன், இந்தத் தடவை புதுப் பஞ்சில். தலைக்குக் கீழே அந்தப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் விலகி விலகி ஓடியது. அம்மா பின்கட்டுத் தொட்டியடியில் உட்கார்ந்து இதையெல்லாம் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொண்டா இப்படி" என்று வாங்கிக்கொண்டாள். தண்ணீர் கொதிக்கும் விறகடுப்பிலிருந்து சாம்பல் ஒரு கை, கொட்டை எடுத்த பழைய புளி ஒரு உருண்டை, தேங்காய் நார். முதலில் புளி. செம்புத் திட்டும் புதுத் துருவும் கரைந்து தண்ணீர் காப்பி நிறத்தில் இறங்கியது. அப்புறம் சாம்பலை ஈரநாரில் தொட்டு, தறை ஆணியைச் சுற்றி, பள்ளத்துக்குள், முனை வரை, பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கிற அதே கைவாகில் தேய்த்தாள். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றியதும் அது ஒரு இடத்திலும் பிரியாமல், கண்ணாடித்தாள் போர்த்தின மாதிரி இரும்போடு ஒட்டி இறங்கியது.

புளியில் இருக்கும் அமிலம் துருவை எடுக்கிறது. சாம்பலில் இருக்கும் காரம் எண்ணெய்ப் பிசுக்கை இளக்கிக் கழுவிவிடுகிறது, மிச்சம் இருக்கும் அமிலத்தையும் அடக்குகிறது. தொழிற்சாலையில் இதே இரண்டையும் தனித்தனித் தொட்டியில் வைத்து பிக்ளிங், டிகிரீஸிங் என்று பெயர் எழுதி ஒட்டியிருக்கிறோம். அம்மாவிடம் அதைச் சொன்னேன். "சரி, கையால தொடாம எடுத்துட்டுப் போ" என்றாள்.

இன்னொரு சங்கதி தண்ணீர். எங்கள் ஊர் போர் தண்ணீரில் குடம் வெள்ளை பூக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் கறை பட்ட ஒரு தலைமுறையே இங்கே உண்டு. அதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். அதில் கழுவிக் காயவிட்டால் கறுப்பின் மேல் வெள்ளை வட்டங்கள் படியும். கடைசிக் கழுவலுக்கு மட்டும் மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு கேன் வாங்கிக்கொண்டேன். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை.

இரண்டாம் தடவை. நைட்ரைல் கையுறை, திறந்த திண்ணை. கவராயத்தைத் தறை ஆணிக்கு அடியில் நூல் கோத்துத் தொங்கவிட்டேன். தொடுகிற பேச்சே இல்லை. சித்திரை வெயிலில் பத்து நிமிஷம் தொங்கியதில் இரும்பு கதகதப்பாகிவிட்டது. சூடு இருந்தால் திரவம் சீக்கிரம் பிடிக்கும். தேவையானதை ஒரு மூடியில் ஊற்றிக்கொண்டேன், தொட்ட பஞ்சைத் திரும்ப பாட்டிலுக்குள் விடக்கூடாது என்பதால். மேலிருந்து கீழாக, நிறுத்தாமல், ஒரே இழுப்பு.

அந்த முதல் பத்து விநாடி பார்க்க வேண்டியது. வெள்ளை இரும்பில் முதலில் ஒரு தவிட்டு நிறம் ஓடுகிறது. அதற்குள்ளேயே ஊதா. ஊதாவிலிருந்து மழைக்கு முந்தின வானத்து நீலம், அது நிற்கிறதா என்று பார்ப்பதற்குள் கரிச்சட்டிக் கறுப்பு. முப்பது விநாடியில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். காயவைத்து, ரொம்ப நைஸான ஸ்டீல் வூலால் மெல்லத் தேய்த்தால் மேலாக இருந்த புகை போய்விடும், கறுப்பு தங்கும். (ஸ்டீல் வூலிலும் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் போட்டுத்தான் விற்கிறார்கள். அதையும் அசிட்டோனில் அலசிக்கொள்ள வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லவில்லை, ஒரு போல்ட்டைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.) திரும்பத் தடவல், கழுவல், தேய்த்தல். நாலாவது சுற்றில் கறுப்பு சமமாகிவிட்டது. பள்ளமும் கறுத்தது. ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு, பேட்டரித் தண்ணீரில் ஒரு அலசல்.

குழிகள் மறையவில்லை. 220 எமரியின் கோடுகள் இரண்டு மூன்றும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன. கறுப்பு எதையும் மூடாது, கீழே இருப்பதை எடுத்துக் காட்டும். கண்ணாடி மாதிரி தேய்த்திருந்தால் நீலம் கலந்த கறுப்பு வந்திருக்கும். 400-இல் நிறுத்தியதால் ஸ்லேட்டுக் கறுப்பு. கவராயத்துக்கு அதுவே பொருத்தம்.

எண்ணெய் போடாவிட்டால் இவ்வளவும் வீண். இந்தப் படலத்துக்குத் துருவைத் தடுக்கிற திராணி சொற்பம். எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அது செய்கிற உருப்படியான காரியம். நான் தையல் மெஷின் எண்ணெய் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டேன். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும், தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். தாத்தா எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய்தான். வண்டி மைக்கு வாங்கியதில் மிச்சம்.

எண்ணெய் என்றதும் அதியமான் ஞாபகம் வருகிறது. தகடூர்க்காரர்கள் (தர்மபுரியின் பழைய பெயர் அது) எதைப் பேசினாலும் அங்கே போய் நிற்போம், பொறுத்துக்கொள்ளுங்கள். அதியமானின் தூதாகப் போய்த் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்த ஔவையார், உன் வேல்களெல்லாம் மாலை சூடி, திருத்தி நெய்யணிந்து காவலில் இருக்கின்றன; அதியமானுடையவையோ முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடினதாகப் புறநானூறு 95-ஆம் பாட்டு. எல்லாரும் அதில் கிண்டலைப் பார்க்கிறார்கள். எனக்கு இப்போது அது பராமரிப்புக் குறிப்பாகத்தான் படுகிறது. முதலில் திருத்த வேண்டும், அப்புறம்தான் நெய். தொண்டைமானின் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

கவராயம் கறுத்ததைப் பார்த்ததும் அம்மா அருவாமனையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதையும் அப்படிப் பண்ணிக் குடு." முடியாது என்றேன். இதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: காய் நறுக்குகிற கத்தி, அருவாமனை, தோசைக்கல், பாக்குவெட்டி எதற்கும் இந்தத் திரவம் ஆகாது. செலினியம் உடம்புக்கு வேண்டியதுதான், ஆனால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் போதும். 400-ஐத் தாண்டக்கூடாது என்கிறார்கள். கூடிப்போனால் முடி கொட்டும், நகம் உதிரும், மூச்சில் பூண்டு வாடை வரும். பாட்டிலில் இருப்பது அதன் அமிலம், நேரடி விஷம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் பூட்டி வைக்கிற பொருள்.

"அப்ப இது வெள்ளையாவே கெடக்கட்டுமா?" என்றாள். திருப்பிப் பார்த்தேன். எங்கே வெள்ளை? கூர் மட்டும்தான் மின்னியது. மேலே முழுக்கக் கருநீலம், அங்கங்கே வாழைப்பூ ஊதா. வருஷா வருஷம் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கி நறுக்கி ஏறின நிறம். மாங்காயின் புளிப்பு இரும்பைக் கொஞ்சம் கரைக்க, அதன் துவர்ப்பு வந்து சேர்ந்துகொண்டு கறுப்பாகிறது. கடுக்காயும் அன்னபேதியும் கலந்து அந்தக் காலத்தில் எழுத்து மை காய்ச்சினார்களே, அதே ரசாயனம். கிருஷ்ணகிரியில் மாங்காய்க்குப் பஞ்சமா? நாற்பது வருஷமாக அம்மா தன் அருவாமனைக்கு ப்ளூயிங் செய்துகொண்டிருக்கிறாள், சாப்பிடக்கூடிய ப்ளூயிங். சொன்னதும் அதைத் திரும்ப வாங்கிக் கொண்டு போய்விட்டாள், எதுவும் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி பக்கத்து வீட்டு அத்தையிடம் இதையே அவள் கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

டர்னர் அண்ணா இன்னொரு வழியும் சொன்னார்: துருவையே கறுப்பாக்குவது. சுத்தமான இரும்பை ஈரக் காற்றில் மெல்லிசாகத் துருப்பிடிக்கவிட்டு, நல்ல தண்ணீரில் இருபது நிமிஷம் கொதிக்க வைத்தால் செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். தேய்த்துவிட்டுத் திரும்பத் துரு, திரும்பக் கொதி. ஒரு போல்ட்டில் செய்து பார்த்தேன். நாலைந்து நாள் இழுத்தது, ஆனால் வந்த கறுப்பு வெல்வெட் மாதிரி, நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. பாட்டில் கறுப்பு ஆலன் கீயால் ஒரு உரசு உரசினால் வெளுக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு நான் துருவைத்தான் சிபாரிசு செய்வேன். பொறுமை இல்லாதவர்கள் பாட்டிலை வாங்கிக்கொள்ளட்டும், ஒரு நாளில் சுவரில் மாட்டிவிடலாம்.

பாட்டிலில் பாதி மிச்சம். உபயோகித்த பஞ்சு, முதல் கழுவல் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கேனில் அடைத்து வைத்திருந்தேன். சாக்கடையில் ஊற்றினால் தென்பெண்ணைக்குத்தானே போகும். ஓசூரில் பிளேட்டிங் வேலை செய்கிற தெரிந்தவர் ஒருவர், தங்கள் சுத்திகரிப்புக்குப் போகும் கழிவோடு சேர்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

ஒரு வருஷம் ஆகப்போகிறது. கவராயம் கூடத்தில் ஆணியில் தொங்குகிறது. ஐப்பசி மழையில் ஒரு காலின் முனையில் கடுகளவு துரு வந்தது, எண்ணெய்த் துணியால் துடைத்ததில் போய்விட்டது. வருகிறவர்கள் எடுத்து விரித்துப் பார்க்கிறார்கள். என் மகள் அட்டையில் வட்டம் போட்டு, ஆறாவது அடி சேருகிறதா என்று நடக்கவிட்டுப் பார்க்கிறாள். போன வாரம் எண்ணெய் போட எடுத்தபோது, தலைக்குக் கீழே அந்த இரண்டு பள்ளத்திலும் கறுப்பு போய் இரும்பு வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. மற்ற இடமெல்லாம் அப்படியே இருக்கிறது. அதன்மேலும் எண்ணெயைத் தடவி மாட்டிவிட்டேன்.